மூன்று மணிக்கு வரும் விருந்தாளி

பேய், பிசாசு, காத்து, கருப்பு எதையும் நான் நம்பியதில்லை. பெருந்துறை தொழிற்பேட்டையில் துணிகளின் தரம் பார்க்கிற வேலை எனக்கு. ஒரு சட்டையில் ஒரு தையல் தவறியிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கண்ணில் பட்டால்தான் நம்புவேன் என்கிற ஆள். அதனால் நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபப்பட மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

எனக்குப் பிறவியிலேயே கீழ்த்தாடை இடதுபக்கம் ஒதுங்கியிருக்கும். பேசினால் 'ச' வருகிற இடமெல்லாம் விசில் மாதிரி காற்று வழுக்கும். அண்ணாந்து தண்ணீர் குடித்தால் இடது ஓரமாக ஒழுகித் தோள் நனையும். அதைச் சரிசெய்ய பாங்காக் போனேன். கோயமுத்தூரில் இல்லாத டாக்டரா என்று நீங்கள் கேட்பீர்கள். இங்கே செய்தால் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் ஆப்பிள் பையோடு பார்க்க வருவார்கள், வருகிற ஒவ்வொருவரையும் 'வாங்க' என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் எதிரி வந்தாலும் முதல் வார்த்தை அதுதான், சொல்லாவிட்டால் ஏழு வருஷத்துக்குப் பேச்சு. எனக்கோ ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் மேல்பல்லையும் கீழ்பல்லையும் கம்பியால் கட்டி வைப்பார்கள், வாயே திறக்க முடியாது. பாங்காக்கில் என் தம்பி வேலையில் இருந்தான், அங்கேயே முடித்துவிடலாம் என்று நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பினோம்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்களைப் போன்றவர்கள் தங்கித் தேறுகிற விடுதி. முகத்தில் கட்டுப்போட்ட நாலைந்து தேசத்து ஆட்கள், வராந்தாவில் பார்த்தால் தலையாட்டிக்கொள்வோம், அவ்வளவுதான். ஊரில் விட்டுவந்த எங்கள் மகள் ஜெனியைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வாரத்தில் அவர் திரும்பிவிட்டார். தம்பி சாயந்திரம்தான் வருவான். பகல் முழுக்க நான் தனி.

அவர் போன மறுநாள், மத்தியானம் மூன்று மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, கதவை யாரோ தட்டினார்கள்.

"ஏனுங்க அம்மணி, இருக்கீங்களா? உள்ள வரலாமுங்களா?"

எங்கள் ஊர்ப் பேச்சு. பொம்பளைக் குரல். நம்புங்கள், எனக்குச் சந்தோஷத்தில் கண்ணீரே வந்துவிட்டது. 'வாங்க' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், கம்பி சுண்டி இழுத்ததில் உயிர் போனது. எழுந்து போய்க் கதவைத் திறந்தால் வராந்தா அந்தக் கோடி வரைக்கும் காலி.

மறுநாளும் அதே மூன்று மணி, அதே கேள்வி. அதற்கு மறுநாளும். நான் தாளில் எழுதிக் காட்டியதும் வரவேற்பில் விசாரித்துவிட்டு வந்த தம்பி, "இந்த மாடியில தமிழ் ஆளே இல்லீங்க அக்கா, மாத்திரை மயக்கமா இருக்குமுங்க" என்றான். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன், நாலாவது நாள் வரைக்கும்.

அன்றைக்குத் துப்புரவுக்கு வந்தவர்கள் கதவைச் சரியாகச் சாத்தாமல் போய்விட்டார்கள். ஒரு சாண் திறந்திருந்தது. அந்த இடுக்கில் ஒரு சேலைக் கரை தெரிந்தது, அதற்குக் கீழே இரண்டு பாதம், வாசல்படிக்கு அந்தப் பக்கம் ஒட்டி நின்றது. விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. தள்ளவில்லை. "உள்ள வரலாமுங்களா?" என்று மட்டும் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அது என் வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. கம்பி இல்லாதிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பேன். ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டேன், ஒரு 'அருள்நிறைந்த மரியே' ஜெபத்தைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மணிகளை மட்டும் உருட்டினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, தம்பி வந்து தொட்டபோது உடம்பெல்லாம் வேர்வை.

மறுநாளே என்னை அவன் வீட்டுக்குக் கூட்டிப்போகச் செய்துவிட்டேன். அங்கே ஒன்றும் வரவில்லை. டாக்டர் சரி என்றதும், வாயில் கம்பியோடேயே ஊருக்கு விமானம் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு அடி. ஐந்து வயது ஜெனி, தாடை நேராகி மாறிப்போன என் முகத்தைப் பார்த்து அப்பா காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாக வந்து, "ஏனுங்க, எங்கம்மா எப்ப வருவாங்க?" என்று என்னிடமே மரியாதையாகக் கேட்டாள். ஆபரேஷன் வலி அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நாலு நாள் போயிருக்கும். அவர் வேலைக்குப் போயிருந்தார், நான் சமையலறையில் கஞ்சி வடிகட்டிக்கொண்டிருந்தேன், பள்ளிக்கூடம் லீவு, ஜெனி முன்னறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மணி மூன்று. வாசலில் அந்தக் குரல்.

"ஏனுங்க அம்மணி, உள்ள வரலாமுங்களா?"

கத்த வேண்டும். பல்லுக்குப் பின்னால் நாக்கு முட்டுகிறது, தொண்டையில் ஒரு முனகல்தான் வருகிறது. நான் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடுவதற்குள் என் மகள், நான் சொல்லிக்கொடுத்து வளர்த்த மகள், அழகாகச் சொன்னாள்:

"வாங்க, உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

ஓடுகிற தூரம் பத்தடிதான். ஆனால் கொட்டிய கஞ்சியில் வழுக்கி விழுந்து, எழுந்து, சுவரைப் பிடித்துப் போய்ச் சேருவதற்குள் முன்னறையில் ஜெனி மட்டும் நின்றாள். வாசலைப் பார்த்து நாற்காலி போட்டிருந்தது. பக்கத்தில் காலி டம்ளர். நாற்காலியின் இடது கைப்பிடி நனைந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. வலதுபக்கம் ஒரு துளி இல்லை.

யார் என்று தாளில் எழுதத் தோன்றவில்லை, அவளுக்குப் படிக்கவும் தெரியாது, கையை ஆட்டித்தான் கேட்டேன்.

"எங்கம்மாவாட்டவே பேசுனாங்க," என்றாள். "போயிட்டு வாரேன் கண்ணுன்னாங்க. சரிங்க, வாங்கன்னு சொல்லிப்போட்டேன்."

எங்கள் பக்கம் யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டோம், உங்களுக்குத் தெரியும்தானே.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. கம்பி எடுத்தாயிற்று, பேச்சு தெளிவாகிவிட்டது, அண்ணாந்து குடித்தால் ஒரு சொட்டு சிந்துவதில்லை. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல் நான் 'வாங்க' சொல்வதில்லை, முகம் மாறியதும் மரியாதையும் போய்விட்டது என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ஜெனியும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆனால் அந்த நாற்காலியை நான் எத்தனை முறை மொட்டை மாடியில் கொண்டுபோய்ப் போட்டாலும், லீவு நாளில் மூன்று மணிக்கு அவள் அதை இழுத்துவந்து வாசலைப் பார்த்துப் போடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, இது எதற்கு கண்ணு என்று கேட்டேன். வாரேன் என்று சொன்னார்களே என்றாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அதே மரியாதையோடு கேட்டாள்:

"அவங்க வந்துட்டா, நீங்க எங்கீங்க போவீங்க?"