சுவரைப் பார்த்து நின்ற படங்கள்

எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸின் கதவுகளுக்கு இந்த வாரம் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கிறார்கள். ஆளிவிதை எண்ணெயின் வாடை வீடு முழுக்க நிற்கிறது. கைக்குழந்தைக்கு இது ஆகுமா ஆகாதா என்று தெரியாமல், தூளியை முன்னறையிலிருந்து அடுக்களைக்கும் அடுக்களையிலிருந்து முன்னறைக்கும் மாற்றி மாற்றிக் கட்டுகிறேன். "காஞ்சா வாடை போயிரும்மா. எங்க பிள்ளைகள்லாம் இதுக்குள்ளதான வளருதுக" என்றார் பெயிண்டர். சக்குபள்ளத்துக் குளிரில் துவைத்த துணியே காய்வதில்லை, பெயிண்டா காயப்போகிறது?

இந்த வாடை எனக்குப் புதிதல்ல. கல்யாணத்துக்கு முன் பாலக்காட்டில் ஒரு சித்திரசாலையில் வேலை பார்த்தேன். சித்திரசாலை என்றதும் ராஜா ராணி படங்களை நினைத்துவிடாதீர்கள். உயிரோடு இருக்கிற ஓவியர்கள் மரப்பலகையில் வரைந்த புதுப் படங்கள். சில வக்கீல்களும் வியாபாரிகளும் சேர்ந்து, கோட்டைக்குப் போகும் வழியில் ஒரு பழைய கிடங்கை எடுத்து நடத்தினார்கள். சந்தைக்கு வந்தவர்கள் வெயிலுக்கு ஒதுங்குவார்கள். ஒருநாள் ஒரு பெரியவர் ஒரு படத்தின் முன் வெகுநேரம் நின்றார். ரசிக்கிறார் என்று பூரித்துப் பக்கத்தில் போனேன். "ஏனுங்க, இதை நேராத்தான் மாட்டியிருக்கறீங்களா?" என்றார். அவர் போனதும் நானும் தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பள்ளியிறுதி வரை படித்தவள் என்பதால் தெரிந்தவள் போல உட்கார்ந்திருந்தேனே தவிர, எனக்கும் நிச்சயமில்லை.

நிச்சயமாகத் தெரிந்த படம் ஒன்று இருந்தது. மாமரத்தடியில் சப்பணமிட்டு, இரண்டு கையாலும் ஒரு கிளிமூக்கு மாங்காயைப் பிடித்திருக்கும் சின்னப் பெண். அதன் கீழே சுவரில் நான் எழுதி ஒட்டிய சீட்டில் 'மாங்காயுடன் குழந்தை' என்று இருக்கும். குழந்தையின் பெயர் ரஹ்மத். அதை எனக்குச் சொன்னவள் அவளுடைய அம்மா ஜமீலா.

ஜமீலாவின் கணவருக்கு முதலமடையில் மாங்காய் வியாபாரம். ஒரு கோடையில் அவர்கள் தோப்பில் தங்கியிருந்த ஓவியர் அந்தப் படத்தை வரைந்தார். உட்கார மாட்டேன் என்று ஓடிய பிள்ளையை வெல்லம் கொடுத்து உட்கார வைத்தது தான்தான் என்பாள் ஜமீலா. அந்த வருட மழையில் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. அவளைப் போட்டோ எடுத்தவர்கள் யாருமில்லை. இருந்த ஒரே சாயல் அந்தப் படம்தான். அதையும் வீட்டில் வைக்க முடியாது. "தொழுகற ஊடுங்க. மனுசப் படம் வெக்க மாட்டமுங்க" என்றாள், குறையாக இல்லாமல், மழை பெய்யும் என்பது போல. அதனால்தான் ஓவியர் அதை எங்களிடம் கொடுத்தார். கணவர் பாலக்காட்டுக்கு லோடு கொண்டுவரும் நாளெல்லாம் அவளும் வருவாள். அவர் வெளியே வாகை மரத்தடியில் நிற்பார். ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. அவள் படத்தின் முன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உட்காருவாள். சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு ஒருமுறை, "பேரு போடலீங்களா அம்மணி?" என்றாள். படத்தின் தலைப்பை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று ஏதோ சொன்னேன். பதில் சரியானதுதான். இப்போது என் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சரியான பதில் நினைவுக்கு வருகிறது.

கிடங்கின் கூரையைக் கரையான் தின்றிருந்தது. ஓட்டைப் பிரித்து உத்திரம் மாற்றும்வரை படங்களை ரயில்வே கேட்டுக்கு அப்பாலிருந்த சித்திரப் பள்ளியில் வைப்பது என்று எங்கள் செயலாளராக இருந்த வக்கீல் ஏற்பாடு செய்தார். ஜமக்காளம் சுற்றி மாட்டுவண்டியில் ஏற்றினோம். அன்று தற்செயலாக வந்த ஜமீலா, தன் பிள்ளை எங்கே இறங்குகிறாள் என்று பார்க்க வேண்டுமென்று வண்டிக்குப் பின்னாலேயே நடந்து வந்தாள்.

பள்ளிக்கூடம் முழுக்க இந்த எண்ணெய் வாடைதான். தலைமுடியில் பச்சை ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் மாணவர்கள் திரிவார்கள். வாசல் கூடத்தில் மாட்ட இடமிருந்தது கொஞ்சம் படங்களுக்கு மட்டும். மற்றவற்றை அவர்களுடைய பின்னறையில் சாய்த்து வைத்தோம், முகம் சுவரைப் பார்த்தபடி. எங்கள் சித்திரசாலையின் வழக்கம் அது. காட்சியில் இல்லாத படம் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். தூசியும் வெயிலும் படாது. ஜமீலா வந்தால் ரஹ்மத்தைத் திருப்பி வைப்பேன். கிளம்பும்போது, "கண்ணு கூசுமுங்க அவளுக்கு" என்று சொல்லி அவளே சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவாள்.

அந்தப் பள்ளியின் வழக்கம் வேறு. வரைந்தவன் இனி வேண்டாம் என்று விட்ட பலகையைத்தான் அங்கே சுவரைப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். பலகை கிடைப்பது அரிது என்பதால், கோடை விடுமுறையில் அப்படி நிற்பதையெல்லாம் எடுத்து வெள்ளை பூசி, ஜூனில் சேரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் சொல்லவில்லை. படத்தைத் தொட்டுப் பழகியவர்களுக்கெல்லாம் தெரிந்ததுதானே என்று இரண்டு பக்கமும் நினைத்திருந்தோம். படங்களின் பின்புறம் வெறுமையாக இருந்தது. சீட்டுகளோ கிடங்குச் சுவரில் இருந்தன. சாக்கட்டியால் பின்னால் ஒரு வார்த்தை எழுதியிருந்தால் என்று இன்றும் நினைக்கிறேன். யாருக்குத்தான் தோன்றியிருக்கும்?

விடுமுறை முடிந்து போனபோது, வராந்தா நெடுக வெள்ளைப் பலகைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அழகாக இருந்தது என்றுதான் முதலில் நினைத்தேன். சித்திர மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "பழசையெல்லாம் பூசியாச்சும்மா. கொஞ்சம் பலகைய ஆனைகட்டிப் பக்கத்துப் பசங்க ஊருக்கே எடுத்துட்டுப் போயிட்டானுக" என்றார். நான் பின்னறைக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. கத்தியை எடுத்து ஒரு பலகையின் ஓரத்தைச் சுரண்டினார். கொஞ்சம் நீலம் வந்தது. இன்னொன்றில் மண் நிறம். வெள்ளையோடு சேர்ந்து அடிப்படமும் உரிந்து வந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ஜமீலாவிடம் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "இதுல எதுங்க?" என்றாள். தெரியவில்லை என்றேன். இதில் இருக்கிறதா, யாராவது எடுத்துப்போனதில் இருக்கிறதா, அதுவும் தெரியவில்லை என்றேன். ஒவ்வொரு பலகையாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள். சில சரியாகக் காயவில்லை, விரலெல்லாம் வெள்ளை. அன்றுதான் அவள் கணவர் முதன்முறையாக உள்ளே வந்தார். தன் தோள் துண்டால் அவள் விரல்களைத் துடைத்துவிட்டு, "வா, போலாம்" என்றார்.

ஓவியருக்குச் செயலாளர் தகவல் அனுப்பினார். நினைவிலிருந்தே இன்னொன்று வரைந்து தருவதாகச் சொன்னாராம். "அவரு வேற புள்ளயத்தான் வரைவாருங்க" என்று ஜமீலா மறுத்துவிட்டாள்.

கூரை வேலை முடிந்தது. மிஞ்சிய படங்கள் புது உத்திரத்தின் கீழே போய்ச் சேர்ந்தன. பாதிச் சுவர் காலியாகவே கிடந்தது. பிறகு மாநிலம் பிரிந்து பாலக்காடு கேரளத்தோடு சேர்ந்தபோது, நடத்தியவர்களில் பாதிப் பேர் மதராஸுக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். கிடங்கு மறுபடி கிடங்காகி, உர மூட்டை அடுக்கியிருக்கிறார்கள் என்று கேள்வி. சித்திரப் பள்ளியையும் மூடிவிட்டார்கள். அந்தப் பலகைகள் எந்தெந்த வீட்டில், எந்தப் பூஜாடிப் படத்துக்கு அடியில், எந்த மலைப் படத்துக்கு அடியில் இருக்கின்றனவோ.

என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஜமீலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வாழ்த்த வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். காப்பியைத் தொடாமல், "நீங்க தெனமும் பாத்தீங்கல்லோ அம்மணி. அவ மொகம் எப்புடி இருந்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். நெற்றியில் விழுந்த சுருட்டை முடி. அகலமான கண். ஒவ்வொன்றுக்கும் "ஆமாங்க, ஆமாங்க" என்றாள். அதற்கு மேல் எனக்கு நினைவு வரவில்லை. மாங்காய் தெரிந்தது, அதை மாட்டியிருந்த ஆணி தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவள் காத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் ஒரு மச்சம் இருந்ததில்லையா என்றேன். அது அந்தப் படத்தில்தான் இருந்ததா, வேறொன்றிலா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "ஆமாங்க. இருந்துச்சு" என்றாள். பிறகு மெதுவாக, "எந்தக் கன்னத்துலீங்க?" என்று கேட்டாள்.

இடது என்றேன். மனப்பாடம் செய்பவளைப் போல அவள் உதடுகள் அசைந்தன.