ஏணிக்காரனுக்குத் திறந்த கதவு

எங்கள் மருத்துவமனையில் கணினிகளைப் பார்த்துக்கொண்டவரைப் பூட்டு சார் என்றுதான் கூப்பிடுவோம், முகத்துக்கு நேராகவே. அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. பதினாறு வருஷமாக ஒற்றை ஆளாக இருநூறு கணினிகளைக் கட்டி மேய்த்தவர்.

நான் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம். மாதாமாதம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லி அவர் உயிரை வாங்குவார். நான் அதைச் சீட்டில் எழுதி கீபோர்டுக்கு அடியில் ஒட்டிவைப்பேன். அவர் வந்து கிழிப்பார். மறுநாள் மறுபடி ஒட்டுவேன்.

"ஏங்க்கா, நான் சொல்றது சுவத்துக்கா?"

"நோயாளிங்க பேரை ஞாபகம் வெச்சுக்கவே மண்டை காயுது. இதுல உங்க பாஸ்வேர்டு வேற."

எல்லாக் கணினிகளும் சர்வர் அறையிலிருந்துதான் ஓடுகின்றன. உள்ளே போக அட்டையைக் காட்ட வேண்டும், அது பதிவாகும். வெளியே வரக் கைப்பிடியைத் திருப்பினால் போதும், பதிவாகாது. யாருக்காகவும் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தார். அந்த அறை வாசல் கேமரா செத்து ஏழு மாதம். மூன்று கடிதம் எழுதினார். மேலே இருப்பவர்கள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எல்லாத் திரைகளும் ஒரேயடியாக முடங்கின. இரண்டு நாள் பேனாவும் தாளுமாக அல்லாடினோம். வெளியிலிருந்து வருவதைத் தடுக்கிற மென்பொருள் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. ஆனால் இது உள்ளேயிருந்து வந்தது. சர்வரின் பின்பக்கம் யாரோ நகத்தளவு கருவி ஒன்றைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

விசாரணை நடந்தது. அட்டைப் பதிவின்படி திங்கட்கிழமை கடைசியாக உள்ளே போனவர் துப்புரவு வேலை செய்யும் அம்மா. அவர்தான் கதவைச் சாத்தாமல் வந்திருக்கிறார் என்று முடிவு கட்டி, வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

"நான் சாத்திட்டுத்தாம்மா வந்தேன். சத்தம் கேக்கற வரைக்கும் நின்னேன்," என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நம்பிப் படிக்கிற மகள் ஒருத்தி இருக்கிறாள்.

அன்று மதியம் பூட்டு சார் வந்து நோயாளிகளின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்தம்மா இல்லக்கா. நான்தான்."

"என்ன சார் உளர்றீங்க?"

"திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிடப் போகலாம்னு சர்வர் ரூம் கதவைத் திறந்தேன். ஏசி ரிப்பேர் சட்டையில ஒருத்தன். தோள்ல ஏணி, கையில பெட்டி. வேர்த்து ஊத்திட்டு நிக்கறான். ஏணியைப் பாத்தேனே தவிர மூஞ்சியைப் பாக்கலை. கதவைப் பிடிச்சுக்கிட்டு, பாத்துப்பா, தலையில இடிச்சுக்காதேன்னு வேற சொன்னேன்."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. எல்லாருக்கும் பாடம் எடுத்த மனுஷன்.

"வாயை மூடிக்கிட்டு இருங்க சார். கேமராவும் இல்ல, பாத்தவங்களும் இல்ல. உங்களுக்கு ரிட்டயர் ஆக இன்னும் நாலு வருஷம்தான்."

அதைச் சொன்னது நான்தான். இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "எந்தப் பூட்டு வேணா வாங்கி மாட்டிடலாம்க்கா. பாரத்தைத் தூக்கிட்டு ஒருத்தன் வந்தா கை தானா கதவைப் பிடிக்குது. அதுக்கு என்னத்தை மாட்டறது? பதினாறு வருஷமா யோசிக்கறேன். அலுத்துப் போச்சு."

எழுந்து மாடியில் நிர்வாக அலுவலகத்துக்குப் போனார். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு வேலை இருந்தது. இவருக்கு இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தன் சாமான்களை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு இரண்டு கையாலும் சுமந்துகொண்டு வந்தார். அந்த அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிப்போய் வாசல் கண்ணாடிக் கதவைப் பிடித்தார்.

"விடும்மா. நானே தெறந்துக்கறேன்."

அந்த அம்மா கையை எடுக்கும்வரை சார் காத்திருந்தார். பெட்டியைத் தரையில் வைத்தார். கதவைத் திறந்து, பெட்டியைக் காலால் வெளியே தள்ளி, தானும் போனார். கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கும்வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார். பிறகுதான் குனிந்து பெட்டியைத் தூக்கினார்.