அமுதா கழுவாமல் வைத்த ஸ்பாஞ்ச்

செய்தி எனக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்தது. ஒரகடம் கூட்டு ரோட்டில் பஸ் திரும்பும்போது, முன்சீட்டில் இருந்தவள் போனை என்னிடம் நீட்டினாள். காய்ச்சல் என்று லீவு போட்டிருந்த அமுதா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள் என்று குரூப்பில் போட்டிருந்தார்கள். என் பக்கத்து சீட் எப்போதும் அவளுடையது. பழக்கதோஷத்தில் அன்றைக்கும் அதில் என் பையை வைத்து இடம் பிடித்திருந்தேன்.

இந்த அஞ்சலியைப் படிக்கும், கம்பெனி லைனில் அவளோடு நின்று வேலை பார்த்த உங்களுக்கு அவளை நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. வல்லம் வடகால்காரி, வாயாடி, மீன் பைத்தியம். டீ டைமில் நாம் சீரியல் கதை பேசினால், அவள் தன் வீட்டு மீன் தொட்டித் தண்ணீரின் கதையை எடுப்பாள். "மீனை யாரு வேணா வளப்பாங்க. நான் தண்ணியத்தான் வளக்கறேன்" என்பாள். நாம் சிரிப்போம். அதிகம் சிரித்தவள் நான்.

கோவில்பட்டியிலிருந்து வந்து இருங்காட்டுக்கோட்டையில் வாடகை வீடு பிடித்த புதிதில், என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு ஒரு சின்னத் தொட்டி வாங்கினார். ஒரு வாரத்துக்குள் தண்ணீர் அரிசி களைந்தது போல் வெளுத்து, மீன்கள் ஒவ்வொன்றாகச் சாகத் தொடங்கின. வீக்லி ஆஃப் அன்று அமுதா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். அவள் தொட்டி ஃபில்டரின் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி எடுத்து வந்திருந்தாள். பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று இருந்தது.

"ஏட்டி, இதையா உள்ள போடப்போற? சாக்கடை மாதிரில்லா இருக்கு" என்று மூக்கைப் பொத்தினேன்.

"இது அழுக்கு இல்லடி. கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க இதுல குடித்தனம் பண்ணிகினு கீது. மீனோட கழிவை அதுங்கதான் தின்னும். அதுங்க செத்தா மீனும் காலி."

சில நாட்களில் தண்ணீர் தெளிந்துவிட்டது. அதன் பிறகு என் தொட்டியையும் அவளே பார்த்துக்கொண்டாள். கொஞ்சம் தண்ணீரை மட்டும் வாளியில் இறைப்பாள். அந்தத் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாகப் பிழிந்து திரும்ப வைப்பாள். முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரைத்தான் ஊற்றுவாள். "குழாய்த் தண்ணிய நேரா காட்டாத. பிளீச்சிங் பவுடர் வாடை போவட்டும்" என்பாள். நான் காபி போட்டுக் கொடுத்ததோடு சரி. அவள் சொன்னதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் நிற்கவில்லை.

அவளுடைய காரியத்துக்கு முந்தின நாள், வழக்கப்படி வீட்டைக் கழுவிவிட நாம் போனோமே, நினைவிருக்கிறதா? கம்பெனியில் ஆடிட்டுக்கு முன் இடம் பிரித்துத் துடைப்பதைப் போலவே வேலையைப் பிரித்துக்கொண்டோம். ஒருத்தி சமையலறை, ஒருத்தி ஜன்னல். தொட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அவள் படத்துக்குப் பக்கத்தில் அது கலங்கிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. மீன்களை வாளியில் விட்டுவிட்டுக் கல், மணல், கண்ணாடி எல்லாவற்றையும் தேய்த்தேன். ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து வெள்ளையாகும்வரை கசக்கினேன். பிறகு குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பி மீன்களை விட்டேன். கண்ணாடி இருப்பதே தெரியாத அளவுக்குப் பளபளத்தது. அவளுக்காக ஒன்றாவது செய்தோம் என்று அழுதுகொண்டே பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் காரியத்துக்குப் போனபோது மீன்கள் செத்து மிதந்துகொண்டிருந்தன. கறுப்பு மீன் ஒன்று மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவளுடைய அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "வாயில்லாத ஜீவன், அவ போன ஏக்கத்துலயே போயிடுச்சு பாரு." கூடியிருந்தவர்கள் அழுதார்கள். நீங்களும் அழுதீர்கள், அதை லைனிலும் வந்து சொன்னீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. ஏக்கத்தால் ஒரு மீனும் சாகவில்லை. அவளுடைய மீன்களை நான்தான் கொன்றேன். இந்த அஞ்சலியை நான் எழுதுவதே அதைச் சொல்வதற்குத்தான்.

சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அவள் கணவர் ஏழுமலை அண்ணனிடம் சொன்னேன். அவர் தொட்டியின் பக்கம் திரும்பினார்.

"அவ இருந்தா உன்ன உண்டு இல்லைன்னு ஆக்கியிருப்பா."

"நீங்க திட்டுங்கண்ணே."

"நான் இன்னான்னு திட்டறதும்மா. அவ தண்ணி மாத்தும்போதெல்லாம் நானும் டிவிதான் பாத்துகினு இருந்தேன்."

அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாகியிருக்கும். கறுப்பு மீன் இன்னும் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் என் வீட்டு ஸ்பாஞ்ச் நினைவுக்கு வந்தது. ஆட்டோ பிடித்துப் போய், அதைப் பாதியாக வெட்டி, தொட்டித் தண்ணீரோடு கவரில் கட்டி எடுத்து வந்தேன். வீட்டுச் செலவுக்கு முந்தின நாளே பிடித்து வைத்திருந்த தண்ணீரையும் ஒரு கேனில் கொண்டுவந்தேன். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, அந்தப் பழுப்பு ஸ்பாஞ்சை அவள் தொட்டிக்குள் பிழிந்தேன். பளபளத்த தண்ணீர் புகைபோல் கலங்கியது.

"இது எங்கேர்ந்தும்மா?"

"இந்த வீட்டுதுதாண்ணே. அமுதா குடுத்தது."

அவர் எழுந்து வந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

கறுப்பு மீன் பிழைத்துவிட்டது. ஞாயிறுதோறும் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். இறைப்பது நான், ஊற்றுவது ஏழுமலை அண்ணன். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் தொட்டியில் இருக்கும் அந்தக் கால்வாசி ஸ்பாஞ்ச். தண்ணீர் மாற்றும் நாளில் இப்போது நானே கையை விட்டு அதைப் பிழிகிறேன். பக்கத்தில் அவள் நின்றிருந்த நாட்களில் ஒரு தரமாவது கையை விட்டிருக்கலாம்.