காட்டில் வந்த சந்தை

எழுபதுகளில் பாலக்காட்டு பிளானிங் ஆபீஸில் டிராஃப்ட்ஸ்மேனாகச் சேர்ந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊர்களின் தலையெழுத்தே என் பென்சிலில்தான் இருக்கிறது என்று நினைப்பு. கைக்கு வந்த முதல் வேலை, கோயமுத்தூர் எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்துக்குச் சந்தை, சரக்கு வைக்கக் கிட்டங்கி, இணைப்பு ரோடு. அதுவரை அந்த ஊர்க் கடலைக்காய் முழுவதும் மாட்டுவண்டியில் பொள்ளாச்சிக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்தை வந்தால் வியாபாரிகள் ஊர் தேடி வருவார்கள்.

ஆனால் மலையாளி சர்வேயர் கொண்டுவந்த ஸ்கெட்சில் ஊரின் கிழக்குப் பக்கம் முழுக்கப் பச்சை வர்ணம். மேலே ‘ஃபாரஸ்ட்’ என்று எழுத்து. எங்கள் ஆபீசரும் மலையாளி, கறார் பேர்வழி. ஃபாரஸ்டில் சந்தை கட்ட முடியாது, திட்டத்தை அடுத்த பஞ்சாயத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். ஒரு தடவை இடத்தைப் பார்த்துவிடலாமே சார் என்று கெஞ்சி அவரை ஜீப்பில் ஏற்றினேன்.

சந்தைக்கு நிலம் தர முன்வந்திருந்த விவசாயி பழனியம்மாள் ஊர் முகப்பிலேயே காத்திருந்தார். எந்த இடம் என்று ஆபீசர் கேட்டார்.

“எங்க காட்டுலதானுங்க. பாட்டன் காலத்துல இருந்தே நம்ம காடுங்க. போன வருசந்தான் சுத்தி வேலி போட்டேனுங்க.”

ஆபீசர் முகம் சிவந்துவிட்டது. ஃபாரஸ்டை வளைத்துப் போட்டதும் இல்லாமல் அதை நம்மிடமே சொல்கிறாளே என்று என்னிடம் பொரிந்தார். ஜீப்பைத் திருப்பச் சொன்னார். பழனியம்மாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எனக்குப் பொறி தட்டியது. நான் இடுக்கி எஸ்டேட்டில், கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவன். என் அம்மாவும் தினமும் ‘காட்டுக்கு’த்தான் போவார், தேயிலைக் கொழுந்து பறிக்க. ஜீப்பை மறித்துக்கொண்டு கத்தாத குறையாகக் கேட்டேன்.

“அம்மா, உங்க காட்டுல என்ன வெளையுது?”

“கடலக்காயும் பருத்தியுமுங்க. வேறென்ன வெளையும்?”

இவர்களுக்குக் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம், ஊர்க்காரர்கள் ‘காடு’ என்று சொன்னதைத்தான் சர்வேயர் ‘ஃபாரஸ்ட்’ என்று எழுதிவிட்டார் என்று ஆபீசருக்கு விளக்கினேன். அவர் நம்பவில்லை. ரோட்டோரமாகவே இருந்த அந்த வேலிக்குள் நேரே நடந்து போய் ஒரு செடியைப் பிடுங்கினார். வேரோடு கடலைக்காய் கொத்தாக வந்தது. ஒன்றை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் குதிக்கவேண்டும் போல இருந்தது. ஜீப் பானெட் மேலேயே ஸ்கெட்சை விரித்துப் பச்சையை அழித்தேன்.

பிளானிங் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நிலத்துக்கு வர்ணம் பூசுமுன் அங்கே என்ன விளைகிறது என்று கேளுங்கள்.

பழனியம்மாளுக்கு மட்டும் பயம் தெளியவில்லை. “சந்தை வருமுங்களா, சார்?”

ஆபீசர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: “வரும், அம்மே. காட்டிலேதான் வரும்.”