சின்னம்மா மலையேறிய ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு இப்போதும் முதலில் கால்தான் வலிக்கிறது. எட்டு வயதில் பிடித்த வலி அது. அந்த வருடம் மார்ச் நடுப்பகுதியில் தொடங்கி, மரங்களில் இலை விரியும்வரை, ஒரு ஞாயிறும் நாங்கள் வீட்டில் இருந்ததாக நினைவில்லை. காலை எட்டு மணிக்கே ஜெர்மனியின் பான் நகர ரயில் நிலையத்தில் நிற்போம். அம்மா விடிய எழும்பிப் பொரித்த ரோல்ஸ் ஒரு பெட்டி, தேத்தண்ணிப் போத்தல், நிலத்தில் விரிக்க ஒரு பழைய படுக்கை விரிப்பு. ஆட்கள் நான்கு பேர்: அப்பா, அம்மா, நான், அம்மாவின் தங்கையான சின்னம்மா.

எங்கள் வகுப்பு ஆசிரியை ஒருநாள் ஜப்பானைப் பற்றிச் சொன்னார். அங்கே வசந்தம் தொடங்கியதும் சனங்கள் குடும்பம் குடும்பமாகப் பூங்காக்களுக்கும் மலைகளுக்கும் போய், செரி மரங்களுக்குக் கீழே விரிப்பை விரித்து, கொண்டுபோனதைச் சாப்பிட்டு, பின்னேரமே வீடு திரும்புவார்களாம். நான் கையை உயர்த்தி, எங்கள் வீட்டிலும் அப்படித்தான், தமிழர் எல்லாருமே அப்படித்தான் என்றேன். ஆசிரியை வியந்துபோனார். நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

தமிழர் எல்லாரும் என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. நாங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் நிற்கும். கொலோனில் நின்றது. டியூசல்டோர்ஃபில், ஜப்பானியர் அமைத்த தோட்டத்துக் குளக்கரையில் நின்றது. "அட, நீங்களும் வந்தனீங்களோ!" என்று அம்மா ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஆச்சரியப்படுவார். பிறகு இரண்டு விரிப்புகளும் பக்கத்தில் பக்கத்தில் விழும். அவர்களுடைய கட்லட்டும் எங்களுடைய ரோல்ஸும் இடம் மாறும். அந்தக் குடும்பத்தில் எப்போதும் தலையைப் படிய வாரிய ஒரு அண்ணா இருப்பார். அவர் மரத்தைப் பார்ப்பார், குளத்தைப் பார்ப்பார், தன் சப்பாத்தைப் பார்ப்பார்.

பெண் பார்க்கத்தான் இத்தனை பயணம் என்பது எனக்கு யாரும் சொல்லாத விஷயம். இப்போது யோசித்தால் அம்மாவின் திட்டம் கெட்டித்தனமானது. வீட்டுக்கு வரச்சொன்னால் பலகாரம், தட்டம், பக்கத்து வீட்டுத் தமிழரின் கண் என்று ஊரே அறியும். சரிவராவிட்டால் பெண்ணுக்குப் பெயர் கெட்டுவிடும். பூங்காவில் அந்தத் தொல்லை இல்லை. பிடித்தால் சம்பந்தம், பிடிக்காவிட்டால் பூப் பார்க்க வந்தோம். அதோடு, குளிரும் மாரிகாலம் முழுக்கப் பெண் தடித்த கம்பளி ஜாக்கெட்டுக்குள் கிடப்பாள், மெலிவோ பருமனோ என்று எவருக்கும் தெரியாது. வெயில் எட்டிப் பார்க்கும் முதல் ஞாயிறிலேயே அம்மா வேலையைத் தொடங்கிவிட்டார். பல் வைத்தியரிடம் நேரம் குறித்துப் போவதற்குச் சொல்லும் "ரெர்மின்" என்ற ஜெர்மன் சொல்லைத்தான் இதற்கும் சொல்வார். "ஞாயிறு ரெர்மின் இருக்கு, மறந்திடாதை" என்று சின்னம்மாவிடம் சொல்லும்போது, செரி மரங்களும் நேரம் குறித்துத்தான் ஆட்களைச் சந்திக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சின்னம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றில் வேலை. ஞாயிறை விடுமுறையாக வாங்குவதற்காகச் சனிக்கிழமைகளில் காலை முறை, மாலை முறை இரண்டையும் சேர்த்துச் செய்வார். ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, திருப்பிப் படுக்கவைத்துவிட்டு வந்து, அடுத்தநாள் காலை சேலை உடுத்துவார். ரயில் புறப்பட்டதும் தலை ஜன்னலில் சாய்ந்துவிடும். இறங்குவதற்கு ஒரு நிலையம் முன்னதாக அவரைத் தட்டி எழுப்புவது என் பொறுப்பு. எழும்பியதும் அம்மா சீப்பையும் பவுடர் டப்பாவையும் நீட்டுவார். பூங்கா வாசலில் "ஜாக்கெட்டைக் கழட்டு" என்பார். ஒன்பது பாகைக் குளிரில் சின்னம்மா சேலையோடு நடுங்கிக்கொண்டு சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கே அலுப்பாக இருக்கும்.

நான் சொல்ல வந்தது, ரைன் நதிக்கு அந்தப் பக்கம், டிராக்கன்ஃபெல்ஸ் மலைக்குப் போன ஞாயிறைப் பற்றி. அங்கே வந்தவர்கள் ஒரு தாயும் மகனும் மட்டும். தாய்க்கு முழங்கால் வருத்தம். ஆகவே அவரும் அம்மாவும் மலை ரயிலில் ஏறிப் போனார்கள். மகனும் சின்னம்மாவும் நடந்து வரட்டும், காவலுக்கு அப்பாவும் நானும் என்று ஏற்பாடு. அப்பா தன் கடமையைச் சரியாகச் செய்தார். முதல் வளைவிலேயே அவருடைய சப்பாத்து நாடா அவிழ்ந்துவிட்டது. அடுத்த வளைவில் மற்றக் கால் நாடா. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. எனக்கு அப்படியெல்லாம் நாகரிகம் தெரியாது. நான் இருவருக்கும் நடுவில் நடந்தேன்.

அந்த அண்ணா எதையும் கேட்கவில்லை. முன்பு வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா, கார் ஓட்டத் தெரியுமா, விசா நிரந்தரமா என்றெல்லாம் கேட்டதை நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். இவர் பாதி மலையில் நின்று, சின்னம்மாவின் முகத்தைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"களைச்சுப் போனியளோ?"

சின்னம்மா இல்லையென்று தலையாட்டப் போனவர், பாதியில் நிறுத்தினார். "ஓம். சரியான களைப்பு" என்றார்.

"அப்ப இருப்பம். மலை எங்கயும் ஓடாது. அந்த ஜாக்கெட்டைப் போடுங்கோ முதல்ல."

வழியோரத்தில் ஒரு மர வாங்கு இருந்தது. மூன்று பேரும் அதில் உட்கார்ந்தோம். மரங்களில் இன்னும் இலை இல்லை, மொட்டுத்தான். கீழே ஆற்றில் ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதைக் காட்டலாம் என்று திரும்பினால் சின்னம்மா தூங்கிவிட்டார். தலை பின்னால் சாய்ந்து, வாய் சற்றே திறந்து, ஒரு மாப்பிள்ளை பார்க்கவே கூடாத கோலத்தில். எனக்குப் பதறியது. எழுப்புவது என் வேலையல்லவா? கையை நீட்டினேன். அந்த அண்ணா உதட்டில் விரலை வைத்து வேண்டாம் என்று தலையசைத்தார். அரை மணி நேரமாவது இருந்திருப்போம். அவர் அசையாமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை, கூச்சல் போட்டபடி இறங்கி வந்த பையன்களிடம் கையைக் காட்டி மெதுவாகப் போகச் சொன்னார்.

விழித்ததும் சின்னம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, குறை நினையாதேங்கோ" என்றார். "என்னத்துக்கு? நானும் முறை வேலைக்குப் போறவன்தான்" என்றார் அவர். மிச்ச மலையை இருவரும் பேசிக்கொண்டே ஏறினார்கள். சின்னம்மா ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். என்ன பகிடி என்று எனக்குத் தெரியாது, நான் அப்போது முன்னால் ஓடிவிட்டேன்.

மலையுச்சியில், தேத்தண்ணிக் கடை மேசையில், அம்மாவும் அந்தத் தாயும் ஏற்கெனவே சம்பந்திகள் மாதிரி இருந்தார்கள். அம்மாவின் முகம் அப்படித் தெளிந்து நான் பார்த்ததில்லை. அந்தத் தாய் என்னை இழுத்து மடியில் இருத்தி, ஒரு டொஃபி தந்தார். மகனும் சின்னம்மாவும் சேர்ந்து நடந்து வருவதைக் கண்டு அவருக்கும் மனம் நிறைந்திருந்தது.

"இந்த இடம் உனக்குப் பிடிச்சிருக்கோ, பிள்ளை?"

நல்ல பிள்ளை விபரமாகப் பதில் சொல்லவேண்டும் என்று வீட்டில் பழக்கியிருந்தார்கள். நான் விபரமாகவே சொன்னேன்.

"ஓம். ஆனா போன கிழமை போன பூங்காதான் இன்னும் வடிவு. அங்க வந்த அன்ரி கட்லட் கொண்டு வந்தவ. அதுக்கு முதல் கிழமை வந்த அண்ணாவுக்குப் பெரிய வண்டி, பெல்ட்டுக்கு மேல தொங்கும். இந்த அண்ணாதான் எல்லாரிலும் நல்லம்."

அம்மா அவசரமாக ரோல்ஸ் பெட்டியைத் திறந்தார். மூடி கீழே விழுந்தது. அந்தத் தாயின் கை என் முதுகில் அப்படியே நின்றது.

"எத்தினை அண்ணாமார் வந்தவை, பிள்ளை?" என்று மிக அன்பாகக் கேட்டார்.

நான் விரலை மடித்து எண்ணினேன். பூங்கா பூங்காவாக, ஒன்றையும் விடாமல். கணக்கில் நான் கெட்டிக்காரி. "இவரோட அஞ்சு" என்றேன் பெருமையாக. மேசைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட சின்னம்மாவுக்கும் அது கேட்டது.

சின்னம்மாவுக்கு இதுதான் முதல் பேச்சு என்று சம்பந்தம் பேசிவிட்ட தரகர் அவர்களிடம் சொல்லியிருந்தாராம். நான்கு வீட்டுக்காரர் பார்த்துவிட்டுப் போன பெண் என்றால் ஏதோ குறை இருக்கத்தானே வேண்டும். அந்தத் தாய் என்னை மடியிலிருந்து இறக்கிவிட்டார். முழங்கால் உளையுது, அடுத்த ரயிலில் இறங்கிவிடுவோம் என்றார். மகன் சின்னம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். "தம்பி, என்ர பையை எடு" என்றார் தாய். அவர் பையை எடுத்தார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் இருக்கும் ஒரே கோபம் அதுதான்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் பதில் வந்தது. சாதகம் பொருந்தவில்லையாம். சாதகம் பொருந்திய பிறகுதான் மலைக்கே போனோம். அதற்குப் பிறகு அம்மா எவ்வளவு கெஞ்சியும் சின்னம்மா எந்தப் பூங்காவுக்கும் வரவில்லை, கல்யாணமும் செய்யவில்லை. இன்று அதே முதியோர் இல்லத்தில் ஒரு மாடிக்கே பொறுப்பாக இருக்கிறார். ஞாயிறுகளில் பத்து மணிவரை தூங்குவார். என்மேல் அவருக்குக் கோபமிருந்ததாக ஒருநாளும் நான் கண்டதில்லை. எனக்குத்தான் என்மேல் ஆறவில்லை.

அன்று திரும்பி வரும் ரயிலில் அம்மா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். சின்னம்மா மட்டும் தூங்கவில்லை. என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி, தன் ஜாக்கெட்டின் ஒரு பக்கத்தால் மூடிவிட்டார்.

"அவவிட்ட எத்தினை பேர் எண்டு சொன்னனி?"

"அஞ்சு."

"ஆறு" என்றார் சின்னம்மா. "நீ காய்ச்சலெண்டு வீட்டில படுத்திருந்த கிழமையும் ஒராள் வந்தவர்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அத்தனை பேருக்கு முன்னால் பிழையாக எண்ணிவிட்டேனே! சின்னம்மா என் தலையைத் தடவி, "பரவாயில்லை, ஒண்டுதானே" என்றார். அன்று நான் விட்ட பிழை அந்த ஒன்றுதான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.