அப்பா அனுப்பாத திருத்தம்

அப்பா தராசு மெக்கானிக். மின்தராசின் எடையைக் கணினிக்குச் சொல்லும் ஓர் இலவச நிரல் நூலகத்துக்கு, யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய நிரல் தொகுப்புக்கு, பதினோரு வருடம் திருத்தங்கள் எழுதினார். ஒவ்வொன்றையும் எடைக்கல் வைத்துச் சோதித்த பிறகே அதைப் பராமரிக்கும் மற்றவர்களுக்கு அனுப்புவார்.

அவர் இறந்த மறுவாரம், அவருடைய கணினியில் அனுப்பாத திருத்தம் ஒன்றைக் கண்டேன். "என் பழைய திருத்தம் இரண்டு கிராம் கூடக் காட்டுகிறது. தவறு என்னுடையது" என்று அதில் குறிப்பு எழுதியிருந்தார். வேறு யாரும் கண்டுபிடிக்காத பிழை அது.

"போன மனுஷன் தப்ப ஊருக்கெல்லாம் சொல்லணுமா? குறிப்ப அழிச்சிட்டு அனுப்பு" என்றார் சித்தப்பா.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது வருஷத்துல என்கிட்ட ஒரு தடவகூட தப்புன்னு ஒத்துக்கிட்டதில்ல. இங்க ஒத்துக்கிட்டிருக்கார். ஒரு எழுத்தும் மாத்தாதே."

புதிய திருத்தத்தைப் போட்டு, எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். ஐந்நூறு கிராம் ஐந்நூறாகவே காட்டியது. குறிப்போடு, அவர் பெயரிலேயே அனுப்பினேன்.