ஒத்தைத் தட்டு

இதக் கேட்டுட்டு நீங்க சிரிக்கத்தான் போறீங்க, சிரிங்க, பரவால்ல. எனக்கே யாராச்சும் வந்து இப்படிச் சொல்லியிருந்தா, காலைல சாப்பிட்டீங்களா இல்லையான்னுதான் கேட்டிருப்பேன். காத்து கருப்பு எதுலயும் எனக்கு நம்பிக்கை கிடையாதுங்க. ஒரு மண்டபத்துல பொணம் விழுந்துச்சு, உள்ள வரமாட்டோம்னு எங்க சமையல் ஆளுங்க வாசல்லயே நின்னப்ப, நானே போயி அண்டாவ எறக்கி அடுப்பப் பத்த வெச்சவ. நான் நம்பறது ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு எங்க ஊரு மலைச்சாமி மாதேஸ்வரன், இன்னொண்ணு எஃப்.சி. அதாங்க, வாடகைக்கு ஓடற வண்டியெல்லாம் ரோட்டுக்கு லாயக்கான்னு சோதிச்சுக் குடுக்கற சர்டிபிகேட்டு.

எனக்குச் சொந்த ஊரு அனூர் பக்கம். கல்யாணமாகி மைசூரு வந்து, இப்ப விசேஷங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்யறேன். கூட எட்டுப் பொம்பளைங்க. முகூர்த்த நாள்னா வாடகை வண்டிக்காரங்க பண்ற அழும்பு தாங்க முடியாம, சொந்தமா ஒரு வேன் வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். அந்த நேரம் பாத்து மாதேஸ்வரன் மலைல ஒரு பெரிய கல்யாணம் கெடச்சுது. மலை ரோடு உங்களுக்குத் தெரியும்ல, கொண்டை ஊசி வளைவா வந்துட்டே இருக்கும். அதுல எட்டுப் பேரையும் பாத்திரம் பண்டத்தையும் ஏத்திக்கிட்டு நான்தான் ஓட்டிட்டுப் போகணும். ஆமா, நான்தான் ஓட்டுவேன், என்ற வீட்டுக்காரருக்கு ஸ்கூட்டரே தகராறு. அதனால வண்டில கோளாறுன்னா போறது காசு இல்லீங்க, எட்டு வீட்டு உசிரு.

என்ற வீட்டுக்காரருதான் அந்த டீசல் வேனப் புடிச்சாரு. பழைய வண்டி வித்துக் குடுக்கற ஒரு ஆளு, வாயத் தொறந்தா "ஒள்ளே காடி அக்கா, நல்ல வண்டி, கண்ண மூடிட்டு வாங்குங்க"ம்பான். கண்ண மூடறதா? நானா? நம்பர வாங்கி போன்ல போட்டுப் பாத்தேன். எஃப்.சி. போன மாசம்தான் ஆயிருக்கு. இன்சூரன்ஸ் சரி, புகை டெஸ்ட் சரி. எஃப்.சி.க்குக் காட்டறதுக்குன்னே நல்ல டயர வாடகைக்கு மாட்டி, முடிஞ்சதும் கழட்டிடற வித்தையெல்லாம் எங்க தொழில்ல எல்லாருக்கும் தெரியும், அதனால நாலு டயரையும் நகத்தால கீறிப் பாத்தேன். பழைய எஃப்.சி. பேப்பரெல்லாம் கொண்டான்னு கேட்டு வாங்கினேன். அதுல நடுவுல ஒரு வருஷம் மட்டும் எஃப்.சி.யே பண்ணல. ஏன்னு கேட்டா, ஓனருக்கு ஒடம்பு சரியில்ல, வண்டி ஷெட்லயே நின்னிருச்சுன்னான். யாருக்கு, என்ன ஒடம்புன்னு நான் ஆரம்பிச்சதுமே வீட்டுக்காரருக்கு மொகம் செவந்துருச்சு. "ஏம்புள்ள, வண்டி வாங்க வந்தியா, பொண்ணு பாக்க வந்தியா?"ன்னாரு.

இங்கதான் அந்த ஆளோட சாமர்த்தியம். முன்பணத்த மட்டும் வாங்கிக்கிட்டு, கையெழுத்து அப்புறம் போடலாம், நாளைக்கு வெள்ளிக்கெழம, மொதல்ல சாமுண்டி பெட்டாவுக்கு, அதாங்க மைசூரு சாமுண்டி மலைக்கு, கொண்டுபோயி பூஜை போட்டுட்டு வாங்கன்னு சாவியக் குடுத்துட்டான். டயருக்கடில எலுமிச்சம்பழம் நசுங்கிட்டா அப்புறம் எவனாச்சும் வண்டிய வேண்டாம்பானா? அபசகுனம்னு வாய மூடிக்குவாங்க. அவன் அத வெச்சே பாதி வண்டி வித்திருப்பான்.

விடிஞ்சும் விடியாம கெளம்பினோம். மலையில ஒரே பனி. ஏத்தத்துல வண்டி ஒரு மொனகல் இல்லாம ஏறுச்சு, எனக்கே சந்தோஷமாப் போச்சு. மாலை போட்டு, தேங்காய் ஒடச்சு, எலுமிச்சம்பழத்த நசுக்கி, நெத்தில குங்குமத்தோட எறங்க ஆரம்பிச்சோம். பின்னாடி காலி. சீட்டு இனிமேத்தான் போடணும், ஆளும் இல்ல, ஒடச்ச தேங்காய் மட்டும் ஒரு பையில.

மொத வளைவு திரும்பினதும் பின்னாடி பாடில "டொம்"முன்னு ஒரு தட்டு.

வேன்ல லாரில கிளீனருங்க தட்டறது நீங்க கேட்டிருப்பீங்க. ரெண்டு தட்டுன்னா போ, ஒத்தைத் தட்டுன்னா நில்லு. இத்தன வருஷமா வண்டிக்காரங்களோட சுத்தின காலுங்க இது, நான் யோசிக்கறதுக்குள்ள பிரேக்க அழுத்திருச்சு. வீட்டுக்காரரு என்னப் பாத்தாரு, நான் அவரப் பாத்தேன். அவருக்கும் கேட்டிருக்கு. எறங்கிப் போயி கதவத் தொறந்து பாத்துட்டு, தேங்கா உருண்டிருக்கும்னாரு. போனேன். அடுத்த வளைவுக்கு முன்னாடி மறுபடியும் அதே ஒத்தைத் தட்டு. நம்பினா நம்புங்க, நம்பாட்டி போங்க, அது தேங்கா உருள்ற சத்தமில்ல. உள்ளங்கைய விரிச்சு ஓங்கி அடிக்கற சத்தம். மறுபடியும் நின்னேன், மறுபடியும் யாரும் இல்ல. மூணாவது வாட்டி ஒத்தைத் தட்டா வரல, டம டம டமன்னு, யாராச்சும் சக்கரத்துல மாட்டிக்கிட்டா அடிப்பாங்களே, அப்படி. ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டுத்தான் மூச்சே விட்டேன்.

இனி ஒரு அடி ஓட்டமாட்டேன்னுட்டேன். பூஜை போட்ட வண்டிய நடு மலைல நிறுத்தாத, அபசகுனம்னு வீட்டுக்காரரு கெஞ்சறாரு. நான் எங்க மெக்கானிக் நசீர் பாய்க்கு போன் போட்டேன். அவரு வந்து குனிஞ்சு பாத்துட்டு ரொம்ப நேரம் எந்திரிக்கவே இல்ல. பிரேக் பைப்பு விரிசல் விட்டு, மேல கருப்பு பெயிண்ட் அடிச்சு மூடியிருக்கு, ஆயில் கசிஞ்சு சக்கரத்துல வழியுது. எஃப்.சி.க்கு நல்ல பைப்பு மாட்டிக் காட்டிட்டு, அப்புறம் கழட்டி வேற வண்டிக்குப் போட்டிருக்கான். நான் டயரப் பாத்தேன், பைப்பப் பாக்கல. "இன்னும் ரெண்டு வளைவு போயிருந்தா பெடல் தரையில ஒட்டியிருக்கும் அக்கா, எப்படித் தெரிஞ்சு நிறுத்தினீங்க?"ன்னாரு.

பயமெல்லாம் கோவமா மாறிருச்சுங்க எனக்கு. வண்டியக் கட்டி இழுத்துக்கிட்டு, மாலையும் குங்குமமுமா நேரா அந்த வண்டி விக்கறவன் கடைக்கே போனேன். அங்க இன்னும் நாலு பேரு வண்டி பாத்துட்டு நிக்கறாங்க. பூஜை போட்டாச்சு அக்கா, இனி திருப்ப முடியாதுன்னான். "பூஜை நான் போட்டேன், பிரேக்குக்கு நீ என்னடா போட்டே?"ன்னு நான் கேட்ட கேள்வில ரோட்டுல போறவங்கெல்லாம் நின்னுட்டாங்க. வண்டி பாக்க வந்த நாலு பேருல ரெண்டு பேரு மெதுவா நழுவினாங்க. அவன் மொகத்துல ஈயாடல. போலீஸ்னு நான் சொல்றதுக்கு முன்னாடியே குடுத்த முன்பணத்த எடுத்து நீட்டினான்.

நான் வாங்கலியே! அதே வண்டிதான் வேணும்னேன். வீட்டுக்காரரு என்னப் பைத்தியம் மாதிரி பாத்தாரு. என்னமோ தெரியல, மூணு வாட்டி நில்லுன்னு சொன்ன வண்டிய விட்டுட்டு வர மனசில்ல. அவன் செலவுலயே பிரேக் மொத்தமும் புதுசா மாட்ட வெச்சு, நசீர் பாய் பாத்துச் சரின்னு சொல்லி, வெலையும் கொறச்சு, அப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரம் எட்டுப் பேரும் பாட்டுப் பாடிக்கிட்டு வர, மாதேஸ்வரன் மலையில ஒவ்வொரு வளைவையும் ராணி மாதிரி திரும்பினேன். கல்யாணத்துல பாயசம் தீந்து போயி, பொண்ணு வீட்டுக்காரங்க அண்டாவச் சொரண்டிட்டு இருந்தாங்க. இப்ப அந்தக் கடைக்காரன் ரோட்டுல பாத்தா அக்கான்னு சொல்றதில்ல, மேடம்ங்கறான்.

தட்டு அதுக்கப்புறம் ஒரு வாட்டியும் கேக்கல. இதோட முடிஞ்சிருந்தா நானும் தேங்கா கதையவே நம்பியிருப்பேன்.

ஆனா என் புத்தி இருக்குதே, அந்த எஃப்.சி. இல்லாத ஒரு வருஷம் உறுத்திக்கிட்டே இருந்துச்சு. போன மாசம் பழைய ஓனரோட நம்பரத் தேடிப் புடிச்சு போன் பண்ணேன். கொள்ளேகால்காரரு, நம்ம தமிழே பேசினாரு. இந்த மாதிரி உங்க பழைய வேன நான்தான் வாங்கியிருக்கேன், அந்த ஒரு வருஷம் ஏன் எஃப்.சி. பண்ணலீங்கன்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன், சத்தியமா. பெட்டாவப் பத்தி, தட்டப் பத்தி ஒரு வார்த்தை நான் சொல்லல.

அவரு மெதுவா, "அம்மா, எறக்கத்துல தட்டுனப்ப நீங்க நிறுத்துனீங்களா?"ன்னாரு.

நிறுத்துனனுங்கன்னேன்.

"நான் நிறுத்தலீங்க"ன்னு சொல்லிட்டு போன வெச்சுட்டாரு.

அந்த நம்பரு இன்னும் என் போன்லதான் இருக்கு. எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கறவ நான், கடைக்காரன நடுரோட்டுல நிறுத்திக் கேட்டவ. அவருகிட்ட மட்டும், அன்னிக்கு உங்களுக்குத் தட்டினது யாரு, அப்புறம் என்ன ஆச்சுன்னு அடுத்த கேள்வியக் கேக்க எனக்கு இன்னும் தைரியம் வரலீங்க.